வழிமங்கலத்துக்கு எந்த ல

எங்கள் ஊர்ப் பேரை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், நாலுக்கும் அரசாங்க முத்திரை இருக்கும். என் ஆதார் அட்டையில் ஒரு விதம், ரேஷன் அட்டையில் இன்னொரு விதம், ஓட்டு அட்டையில் நடுவில் ஒரு இசட் வந்து கோணிக்கொண்டு நிற்கும், பேங்க் புத்தகத்திலோ வி-க்குப் பதிலாக டபிள்யூ போட்டு ஊரையே வடநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு தடவை பேங்க் மேனேஜர் நாலையும் மேஜையில் வரிசையாக வைத்து, "இதுல நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "நாலும்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தமிழில் எழுதினால் ஒரே பேர்தான், வழிமங்கலம். முன்னே எப்போதோ மாட்டு வண்டியில் ஒரு பொண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்குப் போனார்களாம், குறுக்கே ஆறு வந்துவிட்டதாம், ஆறு வடியக் காத்திருந்தால் முகூர்த்தம் போய்விடும் என்று மாப்பிள்ளையை அக்கரையிலிருந்து நீந்தி வரச்சொல்லி, ஈர வேட்டியோடு வழியிலேயே தாலி கட்ட வைத்தார்களாம், கட்டியதும் பசித்ததாம், அடுப்பு மூட்டினார்களாம், அடுப்பு நனையாமல் இருக்கக் கூரை போட்டார்களாம், கூரை போட்ட பிறகு எதற்குப் போவது என்று அப்படியே இருந்துவிட்டார்களாம். வழியில் நடந்த மங்கலம், அதனால் வழிமங்கலம்.

எழுதுவதுதான் அப்படி. சொல்வது வேறு. எங்கள் பக்கம் அந்த ழ யாருடைய நாக்கிலும் ஏறாது. எங்கள் ஊரில் மளை பெய்யும், வாளைப்பளம் பளுக்கும், கோளி கூவும், நாங்கள் எல்லோரும் வளிமங்கலத்துக்காரர்கள். ஆசை ஆசையாக என் மகளுக்கு யாழினி என்று பேர் வைத்துவிட்டு ஆறு வருசமாக யாளினி, யாளினி என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் குறையில்லாமல் திரும்பிப் பார்க்கிறாள்.

இப்படி இருக்கும்போது ரோட்டை அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்தினால் ஊருக்கு ஊர் பச்சைப் பலகை வைப்பார்கள் இல்லையா, அதற்கு ஒருவர் கையில் தாளோடு வந்து பஸ் நிறுத்தத்தில் இருக்கிற எங்கள் வெல்டிங் பட்டறையில் நின்றார். என் வீட்டுக்காரர் செல்வகணபதி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கேட்டுக்கு இரும்புப் பூ வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தேன், வயிற்றில் நாலு மாசம்.

"ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கம்மா" என்றார் அவர்.

நான் பத்தாவது வரை படித்தவள். ல-வுக்கு எல். ள-வுக்கும் எல்தான். ழ-வுக்கு என்ன என்று ஒரு நிமிசம் பேனாவைக் கடித்தேன். நாங்களே சொல்லாத எழுத்துக்கு எதற்கு ரெண்டு எழுத்தைச் செலவழிக்க வேண்டும், பிள்ளைகள் பரீட்சையில் எழுதவும் சுலபமாக இருக்கும் என்று நினைத்து, அங்கேயும் ஒரு எல் போட்டுக் கொடுத்தேன். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த எல் எழுத்தைப் போட்டது நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம்.

அடுத்த மாசம் பலகை வந்தது. மேலே தமிழ், கீழே இங்கிலீஷ் என்று இருக்க வேண்டியது, தமிழ் ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை என்று இங்கிலீஷை மட்டும் ஒட்டி நட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஊர்ப் பேர் தெரியும், நாங்கள் எதற்கு அதைப் படிக்கப் போகிறோம், யாரும் படிக்கவில்லை. மறுநாள் காலை ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் சூடேறிப் போய்த் தண்ணீருக்காக அங்கே நின்றது. ஊருக்குப் புதுசான கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்து, பஸ்ஸுக்குள்ளே திரும்பி, நல்ல கணீரென்ற குரலில், "வலிமங்கலம், வலிமங்கலம், யாரும் இறங்குறீங்களா?" என்றார். யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஊரில் உள்ள ஆயிரத்து முந்நூறு பேரும் இடது கன்னத்தில் கையை வைத்தோம். கடைவாய்ப் பல் வலி. பல் முளைக்காத பிள்ளைகள் கூட ஈறைத் தடவிக்கொண்டன, பல்லெல்லாம் போன கிழவர்கள் இல்லாத பல்லைத் தேடினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று, "விட்டுருச்சுப்பா, முக்கால்வாசி விட்டுருச்சு" என்று சிரித்தார். அவர் எங்கள் தலைவர் வீரணன், எனக்குச் சித்தப்பா முறை, மூன்று வாரமாக யாருக்கும் சொல்லாமல் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்த பல் அவருடையது.

யாரும் அதிசயப்படவில்லை. ஊர்ப் பேரே வலி என்று ஆன பிறகு ஊரில் வேறென்ன விளையும். ஒருத்தர் வலி எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் வந்ததால் அந்த ஒருத்தருக்குக் குறைந்தது. கணக்குப் பாடம் மாதிரி சரியாகப் பிரியவில்லை, வலிக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் பிரிந்தது. பலகையைத் தாண்டிப் பத்தடி போனால் ஒன்றுமில்லை, திரும்பி உள்ளே காலை வைத்தால் இருக்கும். இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினோம், மூன்றாம் நாள் அந்தப் பல்லைப் பிடுங்க வீரணன் சித்தப்பாவை நாலு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் போட்டார்கள், அதன் பிறகு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

பழகிவிட்டது. காலையில் கோயில் மைக்கில் பாட்டு முடிந்ததும், "வலது கால் கட்டை விரலை நிலையில இடிச்சுக்கிட்டது யாராருந்தாலும் கொஞ்சம் பார்த்து நடங்கப்பா" என்று சொல்வார்கள். முள் குத்தினால் குத்தினவர் குனிவதற்கு முன்னே பக்கத்தில் நிற்பவர் குனிந்து எடுத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் பிரம்பு தானாகப் பரணுக்குப் போனது. மாசானம் என்று ஒருவன், குடித்துவிட்டு வந்து ஒரு சாயங்காலம் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தான், அந்த அறை தெருத் தெருவாக, வீடு வீடாக, டீக்கடையில், வயலில், வாய்க்காலில் எல்லார் கன்னத்திலும் விழுந்தது. எல்லோரும் எழுந்து போய் அவன் வீட்டு முன்னே நின்றோம். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். அவனும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அதற்குப் பிறகு அவன் கை நீளவில்லை.

இடையில் யாருடையது என்றே தெரியாத ஒரு வலி வந்தது. வயிற்றில், தொப்புளுக்கு மேலே வலது பக்கம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பித்து முதுகு வரை போகும். மைக்கில் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிற பத்தரை மணி பஸ் ஊரைத் தாண்டினதும் அது நின்றது, மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மூன்றாவது செவ்வாய்க்கிழமை நாங்கள் பத்துப் பொம்பளைகள் மூன்று மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்து, இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தோம். கூடையோடு கடைசியாக இறங்கியது சந்தனம் அக்கா, பள்ளிக்கூடத்துப் பக்கம் பணியாரம் சுட்டு விற்கிறவர்.

"ஏக்கா, உனக்கா?" என்றேன்.

"ரெண்டு வருசமா இருக்கு" என்று கூடையை இறக்கி வைத்தார். "உக்காந்தே வேலை செய்றவளுக்கு என்ன வலின்னு கேப்பீகன்னு சொல்லல."

அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பித்தப்பையில் கல், பை வெடிக்கிற நிலையில் இருந்தது, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார்கள். பதினைந்து நாளில் சந்தனம் அக்கா திரும்பி வந்து பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்தார், அவருடைய தையல் ஊர் முழுக்க ஒரு வாரம் சுருக் சுருக்கென்றது, யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல ஆரம்பித்தது என் வயிறு ஏழு மாசம் தாண்டிய பிறகுதான்.

அதுவரைக்கும் என்னை நிமிர்ந்து பார்க்காத ஆம்பளைகள் எல்லாம், "எத்தனாம் தேதிம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக் காலண்டரில் முப்பதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. முடி வெட்டுகிறவர் அந்த வாரம் கத்தியைத் தொடப் போவதில்லை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டார். மற்ற ஊர் மருமகள்கள் ஏழாம் மாசம் வளையல் போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் பொண்ணுகள் யாரும் அப்போது மாசமாக இல்லை, அதனால் பலகை வைத்த பிறகு ஊருக்குள் ஒரு பிரசவமும் நடக்கவில்லை, நான்தான் முதல். நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை, பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒன்றே. ஆஸ்பத்திரியும் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம்.

எல்லோரும் பயந்தார்கள். எனக்கு மட்டும் பயம் விட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், யாழினி பிறந்தபோது முப்பத்தொரு மணி நேரம் கிடந்தேன். கடைசி மூன்று மணி நேரத்தில் நர்சம்மா என் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னையப் பாரு, என்னையப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது, நான் அவரைப் பார்க்காமல் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தேன், போய்விடலாம் என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு அஞ்சு வருசம் இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இந்தக் கரு நின்றதும் என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன், சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கண்டக்டர் அந்தப் பேரைப் படித்த அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கியது.

பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம் போட்டார்கள்.

"நீ கோவிச்சுக்கப்படாது ஆத்தா" என்று ஆரம்பித்தார் வீரணன் சித்தப்பா. "பிரசவம்னா தாய் வீட்டுக்குப் போறதுதானே வழக்கம்."

"என் தாய் வீடு மூணாவது தெரு சித்தப்பா. போய்ட்டு வரவா?"

பொம்பளைகள் பக்கம் சிரிப்பு எழுந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல. ஒரே நேரத்துல அம்புட்டுப் பேருக்கும் இடுப்பு வலி வந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்? கெணத்துக்குள்ள எறங்குனவன் இருப்பான். பனையில ஏறுனவன் இருப்பான். டிராக்டர்ல இருப்பான். ஒருத்தன் விழுந்தாலும் நான்தானே பதில் சொல்லணும்?"

அது நியாயம்தான். "ஒரு வேளை ஏறாம எறங்காம இருக்கச் சொல்லுங்களேன்" என்று மட்டும் சொன்னேன்.

"முப்பதாம் தேதின்னா முப்பதாம் தேதியேவா வரும்? எத்தன நாளைக்கு ஊரை உக்கார வைக்கிறது? பலகையை மாத்திருவோம். பேரு சரியாயிட்டா எல்லாம் சரியாயிரும்."

அங்கேதான் சிக்கல். தமிழ் ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை, இங்கிலீஷில் பேரை எப்படிச் சரியாக எழுதுவது? பள்ளிக்கூடத்துப் பிலோமினா டீச்சரை எழுந்து வரச் சொன்னார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எங்கள் ஊரில் ழ சொல்லத் தெரிந்த ஒரே நாக்கு அவருடையது. கரும்பலகையில் பேரை எழுதி, முதல் எல் எழுத்தை அழித்துவிட்டு அங்கே ஒரு இசட்டும் ஒரு ஹெச்சும் போட்டார்.

"இசட்டுக்கும் ளவுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்றார் சித்தப்பா.

"ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அப்படித்தான் எழுதறாங்க."

"வெளியூர்க்காரன் எப்படிப் படிப்பான்?"

"அவங்கவங்க இஷ்டத்துக்குப் படிப்பாங்க. வசிமங்கலம்பாங்க, வாஜிமங்கலம்பாங்க."

"வாஜின்னா குதிரைதானே" என்றான் பின்னாலிருந்து மாசானம். "குதிரை வந்தா கட்டிக்கிருவோம்ப்பா. வலிக்குக் குதிரை எவ்வளவோ மேல்."

பலகையை முதலில் படிக்கிறவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படித்தான் ஊர் ஆகும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வெளியூர்க்காரன் எவனும் பார்ப்பதற்கு முன்னே ஊர்க்காரர் ஒருவர் சரியாகப் படித்துவிட வேண்டும். தலைவர்தான் படிப்பது முறை என்று சித்தப்பா முன்வந்தார்.

"வளிமங்கலம்" என்றார்.

"அது காத்து" என்றார் டீச்சர். "கூரையெல்லாம் போயிரும். நாக்கை மடிங்க. மேல கொண்டு போங்க. ஆனா தொடக் கூடாது."

"தொடாம எப்படி டீச்சர் சத்தம் வரும்?"

"தொட்டா ள. தொடலேன்னா ழ."

சித்தப்பா நாக்கை மடித்தார், மேலே கொண்டு போனார், கண் பிதுங்கியது, வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் ஆளாளுக்கு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரம் ஆபீஸ் முழுக்கக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற கூடு மாதிரி இருந்தது. கடைசியில் டீச்சரே படிப்பது என்று முடிவானது.

நான் எழுந்து நின்றேன். "அந்த எல் எழுத்தை எழுதிக் குடுத்தது நான்தான். மாத்துங்க, நானே வந்து பார்க்கிறேன். பிரசவம் முடிஞ்சு மாத்துங்க. அது ஒன்னுதான் கேக்கிறேன். போன தடவை நான் பட்டது ஊருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிக் கூட்டம் போட மாட்டீங்க."

சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ரோட்டு ஆபீஸ்ல இருபத்திரண்டாம் தேதின்னு எழுதியே குடுத்துட்டாங்க ஆத்தா. விட்டா இன்னும் ஆறு மாசம்பாங்க. நான் வேணா ஆம்புலன்ஸை ஒன் வாசல்லயே நிறுத்துறேன்."

பழைய பலகையின் போல்ட்டெல்லாம் துருப்பிடித்துவிட்டதால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஊரில் வெட்டத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர்தான். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "நான் முடியாதுன்னா வேற ஆளைக் கூப்பிடுவாக, ஜோதி."

"வெட்டுங்க மச்சான்" என்றேன். "ஆனா மெதுவா வெட்டுங்க."

இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு யாழினிக்கு இரண்டாவது தோசையைத் திருப்பிப் போட்டபோது இடுப்பில் ஒரு இழு இழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் தட்டுக்கு முன்னால் யாழினி, "அம்மா, இங்க" என்று தன் சின்ன இடுப்பைத் தொட்டுக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "ஜோதி, அது உனக்குத்தானே? எனக்கு இல்லையே?" என்று கேட்டது. எட்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, ஏறினேன். போகிற வழியிலேயே கோயில் மைக்கில், "நாகஜோதிக்கு வலி எடுத்திருச்சு, நாகஜோதிக்கு வலி எடுத்திருச்சு, மரத்துல இருக்கறவக எறங்குங்க, கெணத்துல இருக்கறவக ஏறுங்க, அடுப்பை அணைச்சிட்டு எல்லாரும் உக்காருங்க" என்று அறிவித்தார்கள்.

பலகைக்கு அருகில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் இதுவரை பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு ஆள் குப்புற விழுவான், அதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

அவர் எவ்வளவு மெதுவாக வெட்டியும் பத்து மணிக்குப் பழைய பலகை கீழே வந்துவிட்டது. புதுசை நிறுத்தி முடுக்கினார்கள். அதன் முகத்தை ஒட்டுக் காகிதம் மூடியிருந்தது. சித்தப்பா அதைக் கிழித்தார், பிலோமினா டீச்சர் பலகைக்கு நேராக வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, நாக்கை மடித்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு நிஜமான வலி வந்தது. வேலையாட்கள் முடுக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள், என் வீட்டுக்காரர் கம்பத்தைக் கட்டிக்கொண்டார், டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு குனிந்தார், சித்தப்பா தார் ரோட்டிலேயே மண்டி போட்டார். அது வந்து, ஏறி, நின்று, இறங்கிப் போகும் வரை யாரும் மூச்சு விடவில்லை.

சித்தப்பா வேர்வையோடு தலையைத் தூக்கினார். "இது பிரிச்சு வந்ததா?" என்றார்.

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆயிரத்து முந்நூறு பேருக்குப் பிரிச்சுமா இம்புட்டு?"

சித்தப்பா ரோட்டில் கையை ஊன்றி எழுந்தார்.

"இப்பப் பேரைப் படிச்சா மொத்தமும் அந்தப் புள்ளை ஒருத்திக்கா?"

டீச்சர் வலி இறங்கிய மூச்சில் நிமிர்ந்து மறுபடியும் பலகையைப் பார்த்தார். "டீச்சர், வாயை மூடுங்க" என்றார் சித்தப்பா, பிறகு குரலை இறக்கி, "தயவு பண்ணி மூடுங்க" என்றார். தன் தோள் துண்டை எடுத்து வீசிப் பலகை மேல் போட்டார், அது இரண்டு எழுத்தைத்தான் மூடியது, பேர் நீளம். மாசானம் தன் துண்டைப் போட்டான், டீக்கடைக்காரர் மேஜை விரிப்பைக் கொண்டு வந்தார், அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது, அப்போதுதான் தூரத்தில் பத்தரை மணி எக்ஸ்பிரஸ் ஆரன் அடித்தது. மூடாமல் இன்னும் நாலு எழுத்து இருந்தது. பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள், நாற்பது பேருக்கும் படிக்கத் தெரியும். அங்கே இருந்த ஆம்பளைகள் எல்லாம், எட்டியவர்கள் நின்றும் எட்டாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி உட்கார்ந்தும், பலகையைச் சுற்றி முதுகைக் காட்டி ஒரு சுவராக நின்றார்கள். வேட்டியை அவிழ்த்துப் பிடித்தவர்களும் உண்டு என்கிறார், அதை நான் நம்புகிறேன்.

பஸ் வேகத்தைக் குறைத்தது. எல்லைக்குள் சக்கரம் வந்ததும் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்திவிட்டார். கண்டக்டர் படியிலிருந்து, "என்னய்யா, மறியலா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிரசவம்" என்றார் சித்தப்பா.

"யாருக்கு?"

"எங்களுக்கு."

சுகாதார நிலையத்து அறையில் நான் முப்பத்தொரு மணி நேரத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வலி வரும், வந்து என்னை மறுபடியும் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும் என்று. வந்தது. வந்து, பெரிய கூட்டம் இருக்கிற வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டது. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த வலிக்குள்ளே நான் இருந்தேன், எங்கேயும் போகவில்லை. நர்சம்மாதான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முக்கும்மா, முக்கு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே தானும் முக்கினார், ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர் முக்கினார், அங்கிருந்து அது தெருவில் இறங்கி, மூன்றாவது தெருவில் என் அம்மா முக்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேஜையைப் பிடித்து முக்கி, பலகையைச் சுற்றி ஆம்பளைகள் முக்கி, பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் எதற்கு என்றே தெரியாமல் முக்கி, பன்னிரண்டு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிறந்ததும் என்ன நடந்தது என்று கேட்டால், ஊரே தளர்ந்தது. கட்டின கயிறு அவிழ்ந்த மாதிரி, தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்த மாதிரி, நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள், ரோட்டு நடுவில் எக்ஸ்பிரஸ் பயணிகளும் எங்கள் ஆட்களும் கலந்து கிடந்தார்கள். யாரோ சிரிக்க ஆரம்பித்து அது நிற்கவே இல்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. சந்தனம் அக்கா நாலு சட்டி பணியாரம் சுட்டு பஸ்ஸுக்குள் நீட்டினார், அந்தக் கண்டக்டர், "பையனா பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினார்.

ஒரு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பைத் தடவிக்கொண்டார். "இதுக்கா அஞ்சு வருசம் வேணாம்னே? சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார். பிறகு, "சித்தப்பா கேட்டுட்டு வரச்சொன்னாரு. துணி இன்னும் பலகை மேலதான் கெடக்கு. படிக்கலாமா?"

"நர்சம்மா, தையல் எத்தனை?" என்றேன்.

"ஏழு."

"ரெண்டு நாள் போகட்டும்னு சொல்றேன்" என்றார் அவர் உடனே. "ஊர்ல யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. இப்ப நீ என்ன சொன்னாலும் கேப்பாங்க."

நான் யோசித்தேன். ரெண்டு நாள் என்றால் ரெண்டு நாளும் பனை ஏறுகிறவர் ஏறமாட்டார், முடி வெட்டுகிறவர் கத்தியைத் தொடமாட்டார், பிள்ளைகள் சுருக் சுருக்கென்று முகம் சுளித்துக்கொண்டே பாடம் படிக்கும். நான் கேட்டது பிரசவம் வரைக்கும்தான்.

"படிக்கச் சொல்லுங்க மச்சான். அவங்கவங்க வேலைக்குப் போகட்டும்."

துணியை எடுத்தார்கள். பிலோமினா டீச்சர் படித்தார், மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கேட்டது. வழிமங்கலம். நாக்கு மேலே போய், தொடாமல், திரும்பி வந்த அந்தச் சத்தம். அது முடிந்த உடனே ஏழு தையலும், வயிறு சுருங்குகிற வலியும், முதுகும் எல்லாம் வீடு திரும்பின ஆடுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக என்னிடமே வந்து சேர்ந்தன. ஆத்தாடி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வீரணன் சித்தப்பா வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. குழந்தையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு, "வலிக்குதா ஆத்தா?" என்றார்.

நாலு மாசமாக எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது.

"வலிக்குது சித்தப்பா" என்றேன். "தையல் இழுக்குது. முதுகை நேரா வைக்க முடியல. உக்காருங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே, எப்படி, எந்தப் பக்கம் திரும்பினால் குறைவு என்று விவரமாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் சந்தனம் அக்கா நின்றார், அவருக்குப் பின்னால் மாசானமும் அவன் பெண்டாட்டியும், டீச்சர், டீக்கடைக்காரர் என்று சுகாதார நிலையத்துக் கேட் வரை வரிசை நின்றது. ஒவ்வொருத்தரும் வந்து அதையே கேட்டார்கள். நானும் ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொன்னேன், சொல்லச் சொல்ல ஒரு ஆளுக்கு ஒரு துளி குறைந்த மாதிரிதான் இருந்தது.